நூறு நாள் அட்டையும் மாதத் தவணையும்

திருநெல்வேலி நயினார்குளம் மொத்த மார்க்கெட்டில் விடியும் முன்பே வியாபாரம் சூடுபிடித்துவிடும். ரத வீதியில் தரைக்கடை போடுபவருக்குப் பணம் வேண்டியது அந்த நேரத்தில். வங்கி திறப்பதோ 10 மணிக்கு.

அதனால் கைகொடுப்பது தண்டல், அதாவது தினமும் வசூலித்து அட்டையில் குறிக்கும் தனியார் கடன். வட்டி தெரியாமல் தண்டல் வாங்குகிறார்கள் என்று நினைப்பது தப்பு. 10,000 என்று அட்டையில் எழுதி, 1,000 பிடித்துக்கொண்டு 9,000 தருவார்கள். தினம் 100 வீதம் 100 நாள். பார்வைக்குப் பத்து சதவீதம். ஆனால் கடன் நாள்தோறும் கரைவதால் சராசரியாகக் கையில் நிற்பது 4,500தான். அதற்கு 100 நாளில் 1,000 வட்டி என்றால் ஆண்டுக்கு 80 சதவீதத்தை ஒட்டி வரும். அதைவிட மோசம், அட்டை முடியும் முன்பே புதுப்பிப்பது. எழுபதாம் நாளில் புது அட்டை போட்டால் 1,000 பிடித்தமும் பழைய பாக்கி 3,000-மும் போக 6,000தான் கிடைக்கும். அந்த 3,000-க்கு முன்பே வட்டி பிடித்தாயிற்று. இப்போது இரண்டாம் முறை.

மொத்த வியாபாரி சரக்கைக் கடனாகத் தரும் மண்டிக் கடனுக்கு வட்டியே இல்லை என்பார்கள். பாக்கி வைத்தவர் தக்காளியைப் பொறுக்கவும் முடியாது, விலை பேசவும் முடியாது. கிலோவுக்கு 1 ரூபாய் கூடினாலும் 100 கிலோவுக்கு தினம் 100 ரூபாய். தண்டலிலாவது அதில் அசல் கழிகிறது!

தெரு வியாபாரிகளுக்கு வங்கி வழியாகக் கடன் தரும் மத்திய அரசுத் திட்டமான பி.எம். ஸ்வநிதியில் முதல் கடன் 2020-இல் 10,000 ஆக இருந்தது. 2025-இல் 15,000 ஆயிற்று. 12 சதவீத வட்டி, 12 மாதம் என்று வைத்தால் தவணை சுமார் 1,333. மாதம் 26 வியாபார நாளுக்குப் பங்கிட்டால் தினம் 51 ரூபாய். இருந்தும் தயங்குவது ஏன்? அந்த 51 கல்லாவில் தங்காது. மறுநாள் சரக்குக்கோ பள்ளிக்கூடத்துக்கோ போய்விடும். தண்டல்காரர் சாயங்காலம் கடைக்கே வந்து வாங்கிவிடுகிறார். கட்டும் வட்டியில் ஒரு பங்கு இந்த வசூலுக்கான கூலி என்றே சொல்லலாம். ஐப்பசி மழையில் கடை படுத்தால் ‘ரெண்டு நாள் பொறுத்துக்கிடுங்க அண்ணாச்சி’ என்று அவரிடம் கேட்கலாம். வங்கியில் 10 ரூபாய் குறைந்தாலும் தவணை திரும்பும், அபராதம் விழும், கடன் வரலாற்றைக் காட்டும் சிபிலில் பதிவாகும். மகளிர் உரிமைத் தொகை வரும் கணக்கென்றால் அதுவும் பாக்கிக்குப் போய்விடுமோ என்ற பயம் வேறு.

தமிழ்நாட்டின் 2003-ஆம் ஆண்டுச் சட்டம் கந்து வட்டியோடு தண்டலையும் தடை செய்கிறது. ஆனால் எழுதாத புரோநோட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர் எதை வைத்துப் புகார் சொல்வார்?

ஸ்வநிதி விண்ணப்பம் பெரும்பாலும் சிறு விஷயத்தில்தான் சிக்கும்: ஆதாரில் பழைய செல்போன் எண் இருந்தால் ஓடிபி வராது, மாநகராட்சியின் வியாபாரி அட்டையோ பரிந்துரைக் கடிதமோ இல்லாவிட்டால் நகராது. கடன் வந்த பிறகு, கடையின் கியூஆர் அட்டையைத் தவணைக் கணக்கோடு இணைப்பது நல்லது. தினம் விழும் சில்லறையே தவணையாகச் சேரும். மண்டிக்கு ரொக்கம் வேண்டுமென்று அந்தக் கணக்கின் ஏடிஎம் அட்டையை மட்டும் எடுத்துப் போகக் கூடாது.