முள்ளோடை தாண்டும்போது

கடலூரிலிருந்து காலாப்பட்டுப் பல்கலைக்கழகத்துக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். முள்ளோடையில் புதுச்சேரி தொடங்கும். நகரத்தைத் தாண்டியதும் கோட்டக்குப்பத்தில் மறுபடி தமிழ்நாடு, காலாப்பட்டில் மறுபடி புதுச்சேரி. பிரிட்டிஷ் போலீஸ் கை நீளாது என்றுதான் 1908-ல் பாரதி இங்கே வந்தார். 1918 நவம்பரில் எல்லை தாண்டிக் கடலூர்ப் பக்கம் வந்ததும் பிடித்துச் சிறையில் வைத்தார்கள். தப்பு எங்கே இருந்தது, அவரிடமா, எல்லைக்கோட்டிலா? எம்.ஏ. தத்துவத்தில் சட்டமும் நீதியும் பற்றிய தாளை நான் எடுத்ததற்கு இந்தக் கேள்வியும் ஒரு காரணம்.

முதலில் ஜான் ஆஸ்டின் என்ற ஆங்கிலேயச் சட்டத் தத்துவவாதி. ஒரு சட்டம் இருக்கிறதா என்பது ஒரு கேள்வி, அது நல்லதா என்பது வேறு கேள்வி என்று 1832-லேயே எழுதியவர். வகுப்பில் எல்லாருக்கும் கோபம். நியாயத்தைக் கழற்றிவிட்டால் சட்டத்தில் என்ன மிச்சம் என்று நானும் கத்தினேன்.

அப்புறம் அப்பா நினைவுக்கு வந்தார். முப்பது வருஷமாக வக்கீல் குமாஸ்தா. நான் பிளஸ் டூ படிக்கும்போது ஒரு பாட்டி எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்தார். எட்டு சென்ட் நிலம். மகள் வீட்டோடு போய் இருந்துவிட்டதால் பக்கத்து நிலத்துக்காரர் வேலி போட்டுப் பயிர் வைத்துக்கொண்டார். பன்னிரண்டு வருஷம் கேள்வி கேட்காமல் விட்டதால் எதிரிடை அனுபோகம், அதாவது அனுபவித்து வந்தவருக்கே நிலம் சொந்தம் என்று, பாட்டியின் வழக்கு தோற்றுப்போனது. பாட்டி பத்திரத்தைப் பிரித்துக் காட்டினார். மடிப்பு மடிப்பாகக் கிழிந்து, செலோ டேப் ஒட்டி, அந்த டேப்பும் பழுப்பேறியிருந்தது. “பத்திரம் எங்கிட்டதானே இருக்கு?”

அப்பா தீர்ப்பு நகலை முழுக்கப் படித்துக் காட்டிவிட்டு, “சட்டப்படி இது சரிதாம்மா. நியாயம்னு மட்டும் என்னால சொல்ல முடியாது” என்றார்.

ஆஸ்டின் வழியில் வந்த சட்டத் தத்துவவாதி ஹார்ட் 1958-ல் எழுதிய கட்டுரையைப் படித்தபோது எனக்கு அந்தத் திண்ணைதான் தெரிந்தது. நாஜி காலத்துச் சட்டங்களை வைத்து அவர் வாதாடுகிறார்: இது சட்டம்தான், ஆனால் கீழ்ப்படிய முடியாத அளவுக்குக் கொடியது என்று சொல்லும் தெளிவு வேண்டும். சட்டத்தையும் ஒழுக்கத்தையும் அப்படிப் பிரிக்க முடியாது என்று ஃபுல்லர் என்ற அமெரிக்கச் சட்ட அறிஞர் எழுதிய மறுப்பும் வலுவானதுதான். இருந்தாலும் நான் ஹார்ட் பக்கம். சட்டத்தையும் நியாயத்தையும் ஒன்றாகக் குழைத்திருந்தால் அப்பா அந்தப் பாட்டியிடம் பொய்தான் சொல்லியிருக்க வேண்டும்.

செமினார் கட்டுரைக்கு இதையே எடுத்திருக்கிறேன். நேற்று இரவு காலவரையறைச் சட்டத்தில் எதிரிடை அனுபோகம் எந்தப் பிரிவு என்று அப்பாவைக் கேட்டேன். “ஷரத்து 65” என்றார் உடனே. கொஞ்ச நேரம் கழித்து, “அந்தம்மா கேஸா?” என்றார்.