நான் திருத்திய கிளாஸும் ஓடிய கிளாஸும்

ஒரு மதியம் முழுக்க ஒரே ஒரு பிரிண்ட் வரிக்காகக் காத்திருந்தேன். பைத்தானில் எழுதிய பில்லிங் நிரல், தள்ளுபடி தப்பாக வந்தது. தள்ளுபடியைக் கணக்கிடும் மெத்தடின் (கிளாஸுக்குள் எழுதிய ஃபங்ஷன்) முதல் வரியில் ஒரு பிரிண்ட் போட்டு ஓட்டினேன். எதுவும் வரவில்லை. வேண்டுமென்றே பூஜ்யத்தால் வகுக்கும் வரி ஒன்றையும் சேர்த்தேன். அப்போதும் சிணுங்கல்கூட இல்லாமல், அதே தப்பான தொகையோடு ஓடி முடிந்தது.

சரி, இதே பெயரில் வேறு கிளாஸ் இருக்குமோ என்று கிரெப் (ஃபைல்களுக்குள் சொல் தேடும் கருவி) போட்டால் மூன்று இடம் காட்டியது. ஒன்று டெஸ்டுக்காக எழுதியது, ஒன்று யாரோ கைவிட்ட பழசு, மூன்றாவது என்னுடையது. மூன்றிலும் பிரிண்ட் போட்டுப் பார்த்தேன் (சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது). ம்ஹூம்.

அப்புறம்தான் ஃபைல்களைத் துழாவுவதை விட்டுவிட்டு, ஓடிக்கொண்டிருக்கும் ஆப்ஜெக்டையே கேட்கலாம் என்று தோன்றியது. மெத்தடைக் கூப்பிடும் இடத்தில் ஒரு பிரேக்பாயிண்ட் வைத்து, ஓட்டத்தை நடுவில் நிறுத்தினேன். டைப் என்று கேட்டுக் கிளாஸைப் பிடித்து, அதன் மாட்யூல் (கிளாஸ் இருக்கும் ஃபைல்) பெயரைப் பார்த்தால் நான் எதிர்பார்த்த அதே பெயர். இங்கேதான் பலரும் திருப்தியாகித் திரும்பிவிடுவார்கள். பெயர் ஒன்றாக இருந்தாலும் ஃபைல் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. எந்த ஃபைலிலிருந்து வந்தது என்று சொல்லும், இன்ஸ்பெக்ட் மாட்யூலின் கெட்ஃபைலிடம் கிளாஸைக் கொடுத்தேன். வந்த பாதை என் புராஜெக்ட் ஃபோல்டரே இல்லை, சைட்‑பேக்கேஜஸ், நிறுவிய பேக்கேஜ்கள் போய்ச் சேரும் ஃபோல்டர்!

காரணம் நான்தான். எப்போதோ என் பேக்கேஜை நிறுவ, பிப் இன்ஸ்டாலை எடிட்டபிள் முறையில் (நகல் எடுக்காமல் என் ஃபோல்டரையே சுட்டும் முறை) போடாமல் சாதாரணமாகப் போட்டிருக்கிறேன். அது அன்றைய நிரலை அப்படியே நகல் எடுத்து அங்கே வைத்துவிட்டது. நான் ஓட்டிய ஸ்கிரிப்ட் தனி ஃபோல்டரில் இருந்தது. ஒரு ஸ்கிரிப்டை ஓட்டினால், பைத்தான் தேடும் பாதைகளில் முதலில் வருவது அந்த ஸ்கிரிப்ட் இருக்கும் ஃபோல்டர், நாம் நிற்கும் ஃபோல்டர் அல்ல. அங்கே பேக்கேஜ் இல்லாததால் நேராகப் பழைய நகலுக்குப் போயிருக்கிறது. நகலைத் தூக்கிவிட்டு எடிட்டபிளாகப் போட்டேன். நிரல் உடனே பூஜ்யத்தால் வகுத்து விழுந்தது. ஒரு பிழையைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

ஆனால் அந்த வகுக்கும் வரியை எடுத்த பிறகும் தொகை சரியாகவில்லை. தள்ளுபடியைக் கழித்துத் தரும் இன்னொரு மெத்தட் இந்தக் கிளாஸ் ஃபைலில் இல்லவே இல்லை, ஏதோ பெற்றோர் கிளாஸிலிருந்து வருகிறது. கிளாஸைக் கொடுத்தால் கெட்ஃபைல் கிளாஸின் வீட்டைத்தான் சொல்லும், மெத்தடின் வீட்டைச் சொல்லாது. கிளாஸின் எம்ஆர்ஓ வரிசையில் (மெத்தடைப் பைத்தான் எந்தெந்தக் கிளாஸில் அடுத்தடுத்துத் தேடும் என்ற வரிசை) ஒவ்வொன்றாகப் போய், யாருடைய டிக்டில் (கிளாஸின் சொந்தப் பெயர்ப் பட்டியல்) அந்தப் பெயர் இருக்கிறது என்று பார்த்தேன். நான்காவதாக நின்ற ஒரு மிக்சினில் (மற்றக் கிளாஸ்களுக்குக் கூடுதல் மெத்தட் தரும் கிளாஸ்) இருந்தது.

வரி எண் கேட்கும்போது இன்னொரு தடுமாற்றம். மூல வரிகளைக் காட்டும் கெட்சோர்ஸ் போட்டால் ஏதோ வேறு மெத்தடைக் காட்டுகிறது. அது டிஸ்கில் இப்போது இருக்கும் ஃபைலைப் படித்துத்தான் காட்டும், நினைவில் ஏறிய நிரலை அல்ல. பிரேக்பாயிண்டில் நிறுத்தி வைத்துவிட்டு நடுவில் நானே அந்த ஃபைலில் சில வரிகள் சேர்த்திருந்தேன், எல்லாம் கீழே தள்ளிப் போயிருந்தது. மெத்தடின் கோட் ஆப்ஜெக்டில் (கம்பைல் ஆன வடிவம்) ஃபைல் பெயரும் முதல் வரி எண்ணும் கம்பைல் ஆன நேரத்திலேயே பதிந்திருக்கும், ஃபைலை அப்புறம் மாற்றினாலும் அந்த எண் மாறாது. அதை எடுத்துக்கொண்டு, சேர்த்த வரிகளை நீக்கிவிட்டு அந்த எண்ணுக்குப் போனேன். கிளாஸுக்கே முதல் வரி எண்ணைத் தரும் பண்பு பைத்தான் 3.13இல் வந்துவிட்டது, என்னிடம் இருந்தது பழைய பதிப்பு.

இதெல்லாம் பைத்தானிலேயே எழுதிய கிளாஸுக்குத்தான். இன்ட் (முழு எண்) மாதிரி பைத்தானுக்கு உள்ளேயே பிறந்ததைக் கெட்ஃபைலிடம் கொடுத்தால் டைப்எரர்தான் வரும்.

மிக்சினில் இருந்த தப்பு ஒரே ஒரு ரவுண்ட் (தொகையை முழுமையாக்கும் வரி). கழித்த பிறகு வர வேண்டியது, கழிப்பதற்கு முந்தைய வரியில் உட்கார்ந்திருந்தது.