மெயின்ஃபிரேம் புரோகிராம்களை கிட்டுக்கு மாற்றியபோது

பதினான்கு வருடங்களாக கோபோல் என்ற பழைய கணினி மொழியில் புரோகிராம் எழுதுகிறேன். உட்கார்ந்திருப்பது சென்னை சோழிங்கநல்லூரில். நான் தொடும் மெஷின், அதாவது மெயின்ஃபிரேம் என்ற பெரிய கணினி, இருப்பது அமெரிக்காவில், ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் டேட்டா சென்டரில். பாலிசி புதுப்பிப்பு, பிரீமியம் கணக்கு, கிளெய்ம் பணம் எல்லாம் அதில்தான் ஓடுகின்றன. மூன்று வருடங்களுக்கு முன்பு இதை நவீனப்படுத்தும் வேலை எங்கள் டீமுக்கு வந்தது. அதில் இரண்டு பாகங்கள். புரோகிராம் எழுதி ரிலீஸ் செய்யும் முறையை கிட்டுக்கு (ஒவ்வொரு மாற்றத்தையும் வரலாற்றோடு சேமித்துவைக்கும் கருவி) மாற்றுவது ஒன்று. எம்க்யூ (புரோகிராம்களுக்கு இடையே மெசேஜ்களை க்யூவில் வைத்துக் கொண்டுபோகும் மென்பொருள்) வழியாகப் போகும் மெசேஜ்களை காஃப்கா (பலரும் படிக்கும்படி மெசேஜ்களைத் தேக்கிவைக்கும் மென்பொருள்) பக்கமும் கொண்டுபோவது இன்னொன்று. திட்டத்தில் இரண்டும் தனித்தனி வேலைகள், தனித்தனி ஆட்கள். இரண்டும் ஒரே இடத்தில் முட்டிக்கொள்ளும் என்று யாருமே நினைக்கவில்லை. இதே வேலையில் இறங்கப்போகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

முதலில் பழைய முறையைச் சொல்லிவிடுகிறேன். டேட்டாசெட் என்ற மெயின்ஃபிரேம் ஃபைலுக்குள், மெம்பர் எனப்படும் தனித்தனிப் பகுதிகளாக சோர்ஸ் (நாங்கள் எழுதும் புரோகிராம் வரிகள்) இருக்கும். மெம்பர் பெயர் 8 எழுத்தைத் தாண்டக்கூடாது. ஒரு வரிக்கு 80 எழுத்து. துளையட்டைக் காலத்து அளவு அது. வரியின் 7ஆம் இடத்தில் நட்சத்திரம் போட்டால் அந்த வரி கமெண்ட். 8இல் தொடங்கி 72க்குள் எழுதி முடித்துவிட வேண்டும். பச்சைத் திரையில் (எழுத்துகளை மட்டும் காட்டும் மெயின்ஃபிரேம் டெர்மினல்) ஐஎஸ்பிஎஃப் என்ற எடிட்டர். மாற்ற வேண்டிய மெம்பரை, சோர்ஸைக் காக்கும் லைப்ரரி மேனேஜரிலிருந்து எடுத்தால் அது என் பெயரில் பூட்டிக்கொள்ளும். நான் திருப்பி வைக்கும்வரை மற்றவர்கள் காத்திருக்க வேண்டியதுதான். ரிலீஸ் மாதம் ஒரு முறை, சனிக்கிழமை ராத்திரி.

இந்த முறையை மட்டம் என்று நான் சொல்லவே மாட்டேன். எத்தனையோ வருடங்கள் ஒரு கிளெய்ம் பணமும் தப்பாகப் போகாமல் காத்த முறை அது. ஆனால் எந்த காப்பிபுக்கை (பல புரோகிராம்கள் பகிர்ந்துகொள்ளும் பொதுச் சோர்ஸ்) தொட்டால் எந்தெந்த புரோகிராம்களை மறுபடி கம்பைல் செய்ய வேண்டும் என்ற பட்டியல் இரண்டு மூன்று பேரின் தலைக்குள்தான் இருந்தது. அவர்களில் ஒருவர் ஓய்வு பெறப்போகிறார் என்று தெரிந்தபோதுதான் எனக்கு உண்மையிலேயே பயம் வந்தது. இந்த வேலையை நான் முழு மனதோடு ஏற்றுக்கொண்டதற்குக் காரணமும் அதுதான்.

கிட்டுக்கு மாற்றுவதற்கு முன்பு, புரொடக்‌ஷனில் ஓடும் லோட் மாட்யூலும் (கம்பைல் ஆகி நிஜமாக ஓடும் புரோகிராம்) நம் கையில் இருக்கும் சோர்ஸும் ஒன்றுதானா என்று பார்க்க வேண்டும். கோபோல் லோட் மாட்யூலுக்குள் கம்பைல் ஆன தேதியும் நேரமும் பதிந்திருக்கும். அதை எடுத்து, பழைய கம்பைல் லிஸ்டிங்குகளோடு (கம்பைல் செய்தபோது கிடைத்த பதிவுகள்) ஒவ்வொன்றாக ஒப்பிட்டோம். இதற்கு மட்டும் ஏறக்குறைய இரண்டு மாதம் போயிற்று. சில புரோகிராம்களுக்கு மூன்று பிரதிகள் இருந்தன. எது ஓடுகிறது என்று கண்டுபிடிப்பது அகழாய்வு மாதிரி இருந்தது. தயவுசெய்து இந்தக் கட்டத்தை அவசரப்படுத்தாதீர்கள். தவறான சோர்ஸை கிட்டில் ஏற்றிவிட்டால், அடுத்த ரிலீஸில் நாமே பழைய பிழையை உயிர்ப்பித்துவிடுவோம்.

இன்னொரு விவாதமும் நடந்தது. எங்கள் சோர்ஸில் ஒவ்வொரு வரியின் 1 முதல் 6 வரையுள்ள இடங்களில் டிக்கெட் எண்ணும், மாற்றியவரின் இனிஷியலும் இருக்கும். கிட்தான் வரலாற்றை வைத்துக்கொள்கிறதே, இந்தக் குப்பையை எடுத்துவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. வேண்டாம் என்று நான் பிடிவாதமாக நின்றேன். கிட்டின் நினைவு நாம் ஏற்றிய நாளிலிருந்துதான் தொடங்குகிறது. அதற்கு முந்தைய வரலாறு முழுவதும் அந்த ஆறு இடங்களில்தான் இருக்கிறது. கடைசியில் அப்படியே விட்டார்கள்.

அப்புறம் மாற்றும் வேலை. மெயின்ஃபிரேமின் இயக்கமுறைமையான இசட்/ஓஎஸ்ஸில் எழுத்துகள் எப்சிடிக் என்ற குறியீட்டு முறையில் இருக்கும், கிட்டில் யூடிஎஃப்-8 என்ற வேறு முறையில். இசட்/ஓஎஸ்ஸுக்கான கிட், ஃபைலை வெளியே எடுக்கும்போதும் உள்ளே வைக்கும்போதும் இரண்டுக்கும் நடுவே மாற்றிக்கொடுக்கும். எந்த எப்சிடிக் என்று கிட் ஆட்ரிபியூட்ஸ் ஃபைலில் நாம் சொல்ல வேண்டும். ஆமாம், எப்சிடிக் ஒன்றல்ல, பல; ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். இசட்/ஓஎஸ்ஸின் யூனிக்ஸ் பக்கத்தில் வழக்கமாக இருப்பது 1047. கையேட்டு உதாரணத்தில் அது இருந்தது, நாங்களும் அதையே போட்டோம். எங்கள் பச்சைத் திரைகளோ இத்தனை வருடங்களும் 037இல் ஓடிக்கொண்டிருந்தன.

ஆங்கில எழுத்துகளும் எண்களும் 037இலும் 1047இலும் ஒரே பைட்தான். சுருள் அடைப்பும் ஒன்றுதான். ஆனால் சதுர அடைப்பு வேறு. 037இல் திறக்கும் சதுர அடைப்பு ஹெக்ஸில் (பதினாறடிமான எண்ணில்) ‘பிஏ’, மூடுவது ‘பிபி’. 1047இல் அவை ‘ஏடி’, ‘பிடி’. இந்த ஒரு வித்தியாசம் எங்கள் நான்கு நாட்களை விழுங்கியது.

பில்ட் (கம்பைல் செய்து ஓடத் தயாராக்கும் வேலை) பக்கம் ஓரளவு சுமுகமாகவே நடந்தது. ஐபிஎம்மின் டிபிபி என்ற கருவி, குரூவி ஸ்கிரிப்ட்கள் மூலம், மாறிய காப்பிபுக்கைப் பயன்படுத்தும் எல்லா புரோகிராம்களையும் தானே தேடிக் கம்பைல் செய்துவிடும். அந்த இரண்டு மூன்று பேர் தலைக்குள் இருந்த பட்டியல் இப்போது வெளியே வந்துவிட்டது. முதல் முறை அது ஓடி முடித்தபோது எனக்குக் கண் கலங்கியது. தொடக்கத்தில் லோட் மாட்யூலை மட்டும் நகர்த்திவிட்டு டிபி2 தரவுத்தளத்துக்கான பேக்கேஜை பைண்ட் செய்ய (இணைக்க) மறந்ததால் -805 என்ற பிழை வந்தது. பரிவர்த்தனைகளை ஓட்டும் சிஐசிஎஸ்ஸில், புதிய பிரதியை ஏற்றச் சொல்லும் நியூகாப்பி கட்டளையைக் கொடுக்காததால் பழைய புரோகிராமே ஓடியது. இரண்டையும் தானாக ஓடும் ரிலீஸ் பைப்லைனில் சேர்த்தோம், சரியாகிவிட்டது.

இனி அந்த நான்கு நாட்கள்.

பாலிசி மாற்றங்களை ஜேசன் என்ற எழுத்து வடிவில் எம்க்யூவுக்கு அனுப்பும் ஒரு கோபோல் புரோகிராம் உண்டு. பாலிசிப் பணம் பெறப்போகும் பயனாளிகள் இருந்தால் மட்டும் சதுர அடைப்புக்குள் அவர்களின் பட்டியலைச் சேர்க்கும். அந்த அடைப்புக்குறி சோர்ஸில் ஒரு லிட்டரலாக (நேரடியாக எழுதிய மதிப்பாக), ‘பிஏ’ பைட்டாக இருந்தது. 1047 என்று சொல்லி கிட்டில் ஏற்றியபோது, அது தலைமேல் சாய்கோடு போட்ட ஒய் எழுத்தாக மாறிவிட்டது. 1047இல் ‘பிஏ’ என்றால் அதுதான். யாரும் தொடாதவரை பாதகமில்லை. திரும்ப மெயின்ஃபிரேமுக்குப் போகும்போது அந்த ஒய் மறுபடி ‘பிஏ’ ஆகிவிடும். அதனால்தான் மாற்றத்துக்குப் பிந்தைய எல்லா டெஸ்ட்டும் பாஸ் ஆயின. நாங்களும் நிம்மதியாக இருந்தோம்.

சில வாரங்கள் கழித்து, புதிதாகச் சேர்ந்த பெண் வேறொரு டிக்கெட்டுக்காக அந்த புரோகிராமை விஎஸ் கோட் என்ற பிசி எடிட்டரில் திறந்தார். ஜேசன் கட்டும் இடத்தில் விநோதமான ஒரு எழுத்து. இது தெளிவாகத் தவறு என்று நினைத்து, அழகாகச் சதுர அடைப்பாகத் திருத்தினார். ரிவ்யூவில் அனுமதி கொடுத்தது நான். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. ஆனால் அந்தத் திருத்தம் மெயின்ஃபிரேமில் ‘ஏடி’ பைட்டாக இறங்கியது. எம்க்யூவை நடத்தும் எங்கள் க்யூ மேனேஜரோ வெளியே போகும் மெசேஜ் 037இல் இருப்பதாக நம்பியது. 037இல் ‘ஏடி’ என்றால் அதே சாய்கோடு ஒய்.

டெஸ்ட் சூழலில் முகவரி மாற்ற மெசேஜ்கள் ஒழுங்காகப் போயின. அவற்றில் பட்டியல் இல்லை, சுருள் அடைப்பு மட்டும்தான். பயனாளிகள் உள்ளவை மட்டும் விழுந்தன. எதிர்ப்பக்கம் இருந்த ஜாவா புரோகிராம் மெசேஜை எடுக்கும், ஜேசனைப் படிக்க முடியாமல் ரோல்பேக் செய்யும் (எடுத்ததை ரத்து செய்யும்), மெசேஜ் மறுபடி க்யூவுக்கு வரும், மறுபடி எடுக்கும். பேக்அவுட் எண்ணிக்கை (இப்படித் திரும்பி வந்த தடவைகள்) வரம்பைத் தொட்டதும் தனி க்யூவில் ஒதுக்கும். அந்தத் தனி க்யூ நிரம்பிக்கொண்டே போயிற்று.

முதல் இரண்டு நாள் ஜாவா டீமும் நாங்களும் மாறி மாறிப் பேசிக்கொண்டிருந்தோம். மூன்றாம் நாள் கான்ஃபரன்ஸ் காலில் அந்தப் பெண் விஎஸ் கோடைப் பகிர்ந்தார். சதுர அடைப்பு தெளிவாகத் தெரிந்தது. ஓய்வு பெறப்போகிறார் என்று சொன்னேனே, அந்த மூத்தவர் தன் பச்சைத் திரையைப் பகிர்ந்தார். அதே வரியில் சாய்கோடு ஒய். இரண்டு பேர் திரையும் ஒரே புரோகிராம், ஒரே வரி. “சார், என் திரையில் சரியாத்தானே இருக்கு” என்றார் அந்தப் பெண், குரல் நடுங்க. மூத்தவர் பதில் சொல்லாமல் கட்டளை வரியில் ‘ஹெக்ஸ் ஆன்’ என்று அடித்தார். ஐஎஸ்பிஎஃப்பில் அப்படி அடித்தால் ஒவ்வொரு எழுத்துக்கும் கீழே அதன் பைட் இரண்டு வரியாக நிற்கும். மேலே ஏ, கீழே டி. புரொடக்‌ஷன் லைப்ரரியிலிருந்து பழைய பிரதியைத் திறந்தார். மேலே பி, கீழே ஏ.

“நீ தப்பு பண்ணலம்மா. மேப்பிங்தான் தப்பு” என்றார். அவ்வளவுதான், எல்லாருக்கும் புரிந்துவிட்டது.

நான்காம் நாள் திருத்தினோம். ஆட்ரிபியூட்ஸ் ஃபைலை 037க்கு மாற்றி, எல்லா மெம்பர்களையும் புதிதாக ஏற்றினோம். அடைப்புக்குறிகளை ஒரே காப்பிபுக்கில் ஹெக்ஸ் மதிப்பாக வைத்தோம். இனி எந்தத் திரையில் திறந்தாலும் மாறாது. அனுமதித்த பட்டியலுக்கு வெளியே ஒரு எழுத்து சோர்ஸில் இருந்தால் பில்ட் நிற்கும்படி ஒரு சோதனையும் சேர்த்தோம். இந்தச் சோதனை முதல் ஓட்டத்திலேயே, லிட்டரலுக்குள் ஒளிந்திருந்த கண்ட்ரோல் பைட்களைச் சில மெம்பர்களில் பிடித்துக்கொடுத்தது. மாற்றத் தொடங்குவதற்கு முன்பே இதைச் செய்திருக்க வேண்டும். நீங்கள் முதல் வேலையாக இதைச் செய்யுங்கள்.

மெசேஜ் பக்கத்துக்கு வருகிறேன். எம்க்யூவை எடுத்துவிட்டு காஃப்காவைப் போடலாம் என்பதுதான் முதலில் வந்த கோரிக்கை. எம்க்யூ 1993இல் வந்தது, பழசாகிவிட்டது என்ற எண்ணம். நாங்கள் அதை ஏற்கவில்லை. சிஐசிஎஸ் புரோகிராம் டிபி2வில் கிளெய்மைப் பதிவதும், எம்க்யூவில் மெசேஜ் போடுவதும் ஒரே கமிட்டில் நடக்கின்றன; இரண்டும் நடக்கும், அல்லது இரண்டும் நடக்காது. பணம் சம்பந்தப்பட்ட இடத்தில் இந்த உறுதியை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. மறுபக்கம், காஃப்கா கேட்டவர்களின் தேவையும் நியாயமானது. எம்க்யூவில் ஒருவர் மெசேஜை எடுத்தால் அது போய்விடும். காஃப்காவில் அப்படியே இருக்கும். அமைப்பை மாற்றாமல் விட்டால் 7 நாள். ஒரே பாலிசி மாற்றத்தை மோசடித் தடுப்பு டீமும் வாடிக்கையாளர் ஆப் டீமும் தனித்தனியாகப் படிக்கலாம்.

ஸ்ட்ரீமிங் க்யூதான் வழி காட்டியது. மெயின்ஃபிரேமுக்கு எம்க்யூ 9.3இல் வந்த வசதி இது. ஒரு க்யூவுக்கு வரும் ஒவ்வொரு மெசேஜின் பிரதியும் இன்னொரு க்யூவுக்குப் போகும். கோபோல் புரோகிராமில் ஒரு வரிகூடத் தொட வேண்டாம். அந்த இரண்டாவது க்யூவிலிருந்து கனெக்டர் என்ற இணைப்பு மென்பொருள் காஃப்காவுக்கு எடுத்துப்போகும். இதில் ஒரு முடிவை நாம்தான் எடுக்க வேண்டும்: பிரதி போக முடியாவிட்டால் மூல மெசேஜும் நிற்கட்டுமா, அல்லது மூலம் போகட்டுமா? நாங்கள் மூலம் போகட்டும் என்று வைத்தோம். காஃப்கா பக்கத்துச் சிக்கலால் கிளெய்ம் நிற்கக்கூடாது. பதிலுக்கு, அந்தப் பிரதி க்யூவின் ஆழம் ஏறினால் உடனே எங்களுக்கு அலர்ட் வரும்.

காஃப்காவில் பாலிசி எண்ணையே சாவியாக வையுங்கள். வரிசை ஒரு பார்ட்டிஷனுக்குள் (ஒரே சாவியுள்ள மெசேஜ்கள் சேரும் பகுதி) மட்டும்தான் உறுதி. சாவி இல்லாமல் விட்டபோது எங்கள் டெஸ்ட்டில் ரத்து மெசேஜ் முதலிலும் புதுப்பிப்பு மெசேஜ் பின்னாலும் வந்து சேர்ந்தது; ரத்தான பாலிசி உயிரோடு இருப்பதாக ஆப் காட்டியது. ஒரே மெசேஜ் இரண்டு முறை வரவும் வாய்ப்புண்டு, அதைப் பெறுகிறவர்கள் மெசேஜ் ஐடியைப் பார்த்துத் தள்ள வேண்டும்.

கோபோல் எண்களைச் சுருக்கி வைக்கும் காம்ப்-3 வடிவிலும் கவனம் வேண்டும். 12345 என்ற தொகை மூன்று பைட்களில் 12, 34, 5சி என்று அடைக்கப்பட்டிருக்கும். கடைசி சி கூட்டல் குறி. மெசேஜ் முழுவதும் எழுத்து என்று எம்க்யூவிடம் சொல்லிவிட்டால், அது 5சியை எப்சிடிக் நட்சத்திரக் குறியாகப் படித்து 2ஏ என்று மாற்றிவிடும். பிரீமியம் தொகை சிதைந்துபோகும். எதிர்த்திசையில் இதே மாதிரி வந்தால் நமக்கு சாக் செவன் அபெண்ட்தான் (தவறான எண்ணால் புரோகிராம் பாதியில் நின்றுவிடும்). வெளியே போகும் மெசேஜ்களுக்கென்று தனி காப்பிபுக் எழுதி, எண்களைச் சாதாரண இலக்கங்களாகவும் குறியைத் தனி எழுத்தாகவும் வைத்தோம்.

மூத்தவர் போன வருடம் ஓய்வு பெற்றார். போவதற்கு முன்பு தன் நோட்டுப் புத்தகத்தில் இருந்த புரோகிராம் குறிப்புகளை கிட் ரெப்போவில் (சேமிப்பிடத்தில்) ஒவ்வொன்றாக ஏற்றினார். கமிட் மெசேஜ் (கிட்டில் ஒரு மாற்றத்தோடு சேரும் குறிப்பு) எழுத அவருக்குச் சொல்லிக்கொடுத்தது அந்தப் பெண்தான். இப்போது ரிலீஸ் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, பகல் நேரத்தில். இரண்டு புரோகிராம்களுக்கு மட்டும் இன்னும் சோர்ஸ் கிடைக்கவில்லை, லோட் மாட்யூல் தினமும் ராத்திரி ஓடிக்கொண்டிருக்கிறது. அவருடைய குறிப்புகளில் ஒரு பழைய டேட்டாசெட்டின் பெயர் இருக்கிறது. அது இருக்கும் டேப்பைத் திரும்ப ஏற்றித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறோம்.