நெட் இங்கிலீஷுக்கு ஆப்பிரிக்க, பசிபிக் இலக்கியம்: ஒரே ஆளை வச்சு நான் படிச்ச விதம்

முதல் தடவை நெட் (காலேஜ் ஆசிரியர் வேலைக்கான தகுதித் தேர்வு) எழுதினப்ப ஆப்பிரிக்க இலக்கியத்தை நாடு நாடா லிஸ்ட் போட்டு மனப்பாடம் பண்ணேன், நைஜீரியாவுக்கு ரெண்டு பக்கம், கென்யாவுக்கு ஒரு பக்கம், பசிபிக் பக்கம் போகவே இல்ல. பேப்பர் ரெண்டுல 100 கேள்வி, 200 மார்க், அதுல வருஷ வரிசைப்படி அடுக்கு, பொருத்துன்னு வந்ததும் எல்லாப் பேரும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு கலந்துடுச்சு. வெளிய வந்து அழுதுட்டேன்.

ரெண்டாவது தடவை லிஸ்டைத் தூக்கிப் போட்டுட்டு ஆப்பிரிக்க, பசிபிக் எழுத்தாளர்களை வளர்த்துவிட்ட உல்லி பையர்ங்கற ஒரே ஆளைப் பிடிச்சுக்கிட்டேன். அவரைப் பத்தியே கேள்வி வரணும்னு இல்ல, ஆனா அவர் போன பாதையிலயே போனா சிலபஸ்ல பெரிய பகுதி தானா கைக்கு வந்துடும்.

1922ல ஜெர்மனியில பிறந்த யூதர், ஹிட்லர் வந்ததும் குடும்பம் பாலஸ்தீனத்துக்குப் போயிடுச்சு. 1950ல நைஜீரியாவுல இபாடான் யுனிவர்சிட்டிக்கு ஃபோனெட்டிக்ஸ் (பேச்சொலி பத்தின பாடம்) சொல்லித்தர வந்தவரு, அந்த வேலையில மனசு ஒட்டாம பெரியவங்களுக்கு வெளியூர்கள்ல வகுப்பு எடுக்கற துறைக்கு மாறி எடே, இலோபு, ஒஷோக்போன்னு யொருபா இனத்துக்காரங்களோட ஊர்கள்லயே போய் குடியிருந்தாரு. இந்த இடம்தான் எனக்கு முக்கியமாப் பட்டுது, கிளாஸ்ரூம்ல இங்கிலாந்து கவிதை மட்டும் ஓடிக்கிட்டிருந்த காலத்துல வெளிய தெருவுல, கோயில்ல, அரண்மனையில கேட்ட பாட்டையும் கதையையும் இலக்கியம்னு எடுத்து மொழிபெயர்த்திருக்காரு.

1957ல பிளாக் ஆர்ஃபியஸ்ங்கற இலக்கியப் பத்திரிகை ஆரம்பிச்சாரு. அந்தப் பேரு செனகல் கவிஞர் செங்கோர் தொகுத்த கவிதைத் தொகுப்புக்கு பிரெஞ்சு தத்துவவாதி சார்த்தர் 1948ல எழுதின முன்னுரையோட தலைப்புல இருந்து வந்தது, இதை ஞாபகம் வச்சுக்கிட்டா நெக்ரிட்யூட் (கறுப்பின அடையாளத்தைப் பெருமையாச் சொன்ன இலக்கிய இயக்கம்) தனியாப் படிக்க வேண்டாம், இங்கயே ஒட்டிக்கும். 1961ல இபாடான்ல ம்பாரி கிளப்னு எழுத்தாளர், கலைஞர் கூடற இடம், நைஜீரிய எழுத்தாளர்கள் சோயிங்கா, அச்செபே, ஒகிக்போ, ஜே.பி. கிளார்க் எல்லாரும் அங்க. ஒகிக்போவோட ஹெவன்ஸ்கேட் கவிதைப் புத்தகம் 1962ல ம்பாரி பதிப்பாத்தான் வந்துது.

ம்பாரிங்கறது நைஜீரியாவோட இன்னொரு மொழியான இக்போவுல ஒரு சொல்லு. பூமித்தாய்க்காக மண்ணுல வீடு கட்டி உள்ள பொம்மைகளா நிரப்பி, கடைசில மழையில கரைய விட்டுடுவாங்க. 1962ல ஒஷோக்போவுல நாடகக்காரர் துரோ லாடிபோவோட சேர்ந்து பையர் இன்னொரு ம்பாரி கிளப் ஆரம்பிச்சப்ப யொருபாக்காரங்க காதுல அது "ம்பாரி ம்பாயோ"ன்னு விழுந்து, பார்த்தா சந்தோஷப்படுவோம்னு அவங்க மொழியிலயே அர்த்தமாயிடுச்சு. எனக்கு இது ரொம்பப் பிடிச்ச விஷயம், மறக்கவே மறக்காது. லாடிபோவோட ஓபா கோசோ நாடகம் 1964ல பெர்லின் வரைக்கும் போச்சு. ஒஷோக்போவுலயே பையரோட ரெண்டாவது மனைவி ஜார்ஜினா பையர் நடத்தின ஓவியப் பட்டறையில இருந்துதான் ட்வின்ஸ் செவன் செவன், முரைனா ஒயெலாமி மாதிரி ஓவியர்கள் எல்லாம் வந்தாங்க. முதல் மனைவி சூசன்னே வெங்கர் ஒஷோக்போவுலயே தங்கி ஓஷுன் சாமியோட காட்டைக் காப்பாத்தினாங்க, 2005ல அது யுனெஸ்கோ பட்டியல்ல சேர்ந்துது.

1967ல பையர் பசிபிக்ல இருக்கற பப்புவா நியூகினிக்குப் போனாரு. போர்ட் மோர்ஸ்பி யுனிவர்சிட்டியில எழுத்துப் பயிற்சி வகுப்பு, 1969ல கோவாவே பத்திரிகை, 1970ல வின்சென்ட் ஏரியோட தி குரோகடைல், அந்த நாட்டோட முதல் நாவல். நாடு சுதந்திரம் வாங்கினதே 1975லதான்னு யோசிச்சுப் பாருங்க, நாவல் அஞ்சு வருஷம் முந்தி வந்துடுச்சு. ஏரி பின்னால கவர்னர் ஜெனரலாவே ஆனாரு. அப்புறம் 1981ல ஜெர்மனி பைராய்ட்ல இவலேவா ஹவுஸ்ங்கற ஆப்பிரிக்கக் கலை மையம், குணம்தான் அழகுங்கற யொருபா சொல்லுல இருந்து வச்ச பேரு.

இன்டர்வியூ, கட்டுரை கேள்விக்கு இது மட்டும் பத்தாது, அவரைக் கேள்வியும் கேட்கத் தெரியணும். ஒபோட்டுண்டே இஜிமேரேங்கற யொருபா பேர்ல நாடகம் எழுதினது அவரேதான். ஒரு ஐரோப்பியர் ஆப்பிரிக்கர் பேர்ல எழுதி அதை ஆப்பிரிக்க எழுத்தாவே படிக்க விட்டா அது சரியா? எனக்கு இன்னைக்கும் மனசு ஒப்பல, அந்த இடத்துல ஒரு யொருபா எழுத்தாளர் இருந்திருக்கணும்னுதான் தோணுது. ம்பாரிக்குப் பணம் கொடுத்த காங்கிரஸ் ஃபார் கல்ச்சுரல் ஃப்ரீடம் அமைப்புக்கு சி.ஐ.ஏ. பணம் வந்ததும் பிற்பாடு வெளிய வந்துது. இதுக்காக ஒகிக்போ கவிதையை யாரும் குறைச்சுப் பேச முடியாது, ஆனா பணம் எங்கிருந்து வந்துதுன்னு சொல்லாம அந்தக் காலத்தைப் பத்தி எழுதினா பதில் அரைகுறையாத்தான் இருக்கும்.

நான் பண்ணது இவ்வளவுதான், ஒரு சார்ட் பேப்பர்ல இபாடான், ஒஷோக்போ, போர்ட் மோர்ஸ்பி, பைராய்ட் நாலு புள்ளி வச்சு ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல ஆளு, பத்திரிகை, வருஷம் எழுதி படுக்கை பக்கத்துச் சுவத்துல ஒட்டினேன். வாரம் ஒரு தடவை சார்ட்டைப் பார்க்காம வெறும் தாள்ல திரும்ப வரைவேன், எங்க விட்டுப் போகுதோ அந்த எழுத்தாளரை அன்னைக்கு ராத்திரியே எடுத்து ரெண்டு கவிதையாவது படிச்சுடுவேன். அந்தத் தடவை ஜே.ஆர்.எஃப். (ஆராய்ச்சி உதவித்தொகை) வந்துடுச்சு. கரீபியனுக்கும் இதே மாதிரி யாராவது ஒருத்தரைப் பிடிங்க, ஆனா பரீட்சைக்குப் பல மாசம் முந்தியே ஆரம்பிச்சுடுங்க, கடைசி மாசத்துல சார்ட் போட்டா படிக்க நேரம் இருக்காது.