ஆறடிக்குப் பதினாறு அங்குலம்

"டீச்சர், எந்திரிக்கவா?" என்று கேட்டான். "கொஞ்சம் இரு தம்பி" என்றேன். நடந்தது இவ்வளவுதான். ஒரு வருஷம் ஆகப்போகிறது, இன்னும் மனசு அதையே சுற்றிக்கொண்டிருக்கிறது.

அப்போது அவன் வகுப்பறைத் தரையில், நான் சாக்பீஸால் போட்ட கட்டத்துக்குள் மல்லாந்து படுத்திருந்தான். நீளம் 6 அடி, அகலம் 16 அங்குலம். லிவர்பூலின் புரூக்ஸ் என்ற அடிமைக் கப்பலைக் காட்டும் வரைபடத்தில் ஓர் ஆணுக்கு ஒதுக்கிய இடம் அது. சிறுமிக்கு நாலரை அடி நீளம், ஓரடி அகலம்.

காரணம் இல்லாமல் செய்யவில்லை. கடல்வழிக் கண்டுபிடிப்புகள் பாடம் பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும். எதிர்க்காற்றிலும் வளைந்து வளைந்து முன்னேறவைக்கும் காரவல் கப்பலின் முக்கோணப் பாயைப் பற்றிச் சொன்னால் கண் விரியக் கேட்பார்கள். அதே காரவல்கள்தான் 1444-இல், இன்றைய மொரிட்டானியாக் கரையில் பிடித்த 235 பேரைப் போர்ச்சுகலின் லாகோஸ் துறையில் கொண்டுபோய் இறக்கின என்றால், நோட்டில் எழுதிக்கொள்வார்கள். அட்லாண்டிக் கடக்கக் கப்பலில் ஏற்றப்பட்ட ஆப்பிரிக்கர்கள் மொத்தம் சுமார் 1.25 கோடி என்றால் அடிக்கோடு போடுவார்கள். எண் உள்ளே இறங்குவதில்லை. அதனால்தான் சாக்பீஸை எடுத்தேன்.

"யார் படுக்கிறீங்க?" என்று கேட்டபோது ஒருவரும் எழவில்லை. அவனைக் கூப்பிட்டேன். உயரம் சரியாக இருந்தது என்று பிற்பாடு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவனைவிட உயரமானவர்கள் மூன்று பேர் அந்த வகுப்பில் இருந்தார்கள். அவர்கள் "ஏன் டீச்சர், நானா?" என்று கேட்டிருப்பார்கள். இவன் நோட்டுக் கட்டு தூக்குவான், தண்ணீர் பிடித்து வருவான், சாவி வாங்கி வருவான். எதற்கும் மாட்டேன் என்று சொன்னதில்லை.

படுத்தான். சிரித்துக்கொண்டிருந்த வகுப்பு அடங்கியது. அந்த நேரம் பார்த்து இன்னொருவன், "துப்பாக்கி வச்சு மிரட்டித்தானே டீச்சர் பிடிச்சாங்க?" என்றான். அருமையான கேள்வி. நான் அதிலேயே போய்விட்டேன். தொடக்கத்தில் கரையோரக் கிராமங்களைத் தாக்கித்தான் ஆட்களைப் பிடித்தார்கள். ஆனால் 1446-இல் போர்ச்சுகீசியக் கப்பல் தலைவன் நூனோ டிரிஸ்டாவும் அவரோடு போனவர்களில் பலரும் விஷ அம்புகளுக்குப் பலியானார்கள். சண்டை கட்டுப்படியாகவில்லை என்று தெரிந்ததும் உள்ளூர் அரசர்களோடும் தரகர்களோடும் பேரம் பேசித் துணியும் இரும்பும் கொடுத்து மனிதர்களை வாங்கினார்கள். ஆக, துப்பாக்கி மட்டும் போதவில்லை. கப்பல், கணக்குப் புத்தகம், கடன், அளவுகோல் எல்லாம் சேர்ந்துதான் அந்த வியாபாரம் நடந்தது. இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் அவன் கேட்டான். வாக்கியம் பாதியில் நின்றுவிடக் கூடாதே என்று "கொஞ்சம் இரு" என்றேன். அப்புறம் ஒரு மூன்று நிமிஷமாவது பேசியிருப்பேன்.

எழுந்து சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டான். லேசாகச் சிரித்தான். அந்தச் சிரிப்புக்கு என்ன அர்த்தம் என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. சக ஆசிரியை, "அவன் ஜாலியாத்தான் படுத்திருப்பான், விடுங்க டீச்சர்" என்றார். இருக்கலாம். ஐந்து நிமிஷம் தரையில் படுத்ததை ஆறு, ஏழு வாரம் விலங்கோடு கிடந்தவர்களின் வேதனைக்குப் பக்கத்தில் வைப்பதே அவர்களுக்குச் செய்கிற அவமரியாதை. அது எனக்குத் தெரியும்.

ஆனால் அந்த வரைபடத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். 1788-இல் அதை முதலில் வெளியிட்டவர்கள் இங்கிலாந்தின் பிளைமவுத் துறைமுக நகரில் அடிமை வணிகத்தை எதிர்த்த நல்ல மனிதர்கள். அந்த வருஷத்துச் சட்டப்படி அந்தக் கப்பலில் 454 பேரை ஏற்றலாம். அதற்கு முன் ஒரு பயணத்தில் 609 பேரை ஏற்றியிருந்தார்கள். படத்தைப் பார்த்த இங்கிலாந்து கலங்கியது. கலங்க வைப்பதற்காக அவர்கள் வரைந்த உருவங்களில் ஒன்றுக்காவது தனி முகம் இல்லை, பெயர் இல்லை. எல்லாம் அசையாமல் வரிசையாகப் படுத்திருக்கின்றன. இரக்கத்துக்கும் அப்படிப் படுத்துக் கிடக்கிற உடம்புதான் தேவைப்பட்டதோ?

இந்த வருஷம் கட்டம் மட்டும் போட்டேன். யாரையும் படுக்கச் சொல்லவில்லை. அளவைச் சொன்னேன். "கடைசியில எல்லாருக்கும் ஆறடிதானே டீச்சர்" என்று பின்பெஞ்சிலிருந்து ஒரு குரல், கொஞ்சம் சிரிப்பு. மணி அடித்ததும் கட்டத்தை மிதித்துக்கொண்டு ஓடினார்கள். போன வருஷம் வந்த அமைதி வரவில்லை. போன வருஷப் பிள்ளைகளுக்குத்தான் பாடம் புரிந்தது. அதை மறைக்க முடியாது.

போன வாரம் அவனை வராந்தாவில் பார்த்தேன். பத்தாம் வகுப்பு இப்போது. வேறொரு ஆசிரியரின் நோட்டுக் கட்டைச் சுமந்துகொண்டு வந்தான். கேட்டுவிட வேண்டும் என்றுதான் நிறுத்தினேன்.

"சாப்பிட்டியாப்பா?" என்றேன்.

"சாப்பிட்டேன் டீச்சர்" என்றான். நான் போகச் சொல்லும்வரை கட்டை இறக்காமல் அப்படியே நின்றான்.