வேலந்தாவளம் ஒர்க்‌ஷாப் குறிப்புகள்: சீட்டுக்குப் பின்னால் எந்த இன்ஜின்?

ஜூன் 3
ஒர்க்‌ஷாப்புக்கு வந்திருக்கும் கார்: ட்யூப் சேசிஸ் (குழாய்களால் கட்டிய சட்டகம்), ஃபைபர் பாடி, இரண்டே சீட்டு, இன்ஜின் பின்னால். ஆர்.சி.யில் எஸ்டீம், 1298 சி.சி. வால்வு கவரின் நடுக்குழிகளுக்குள் நாலு பிளக், அதனால் மாருதி பதினாறு வால்வு. எட்டு வால்வாக இருந்தால் பிளக் பக்கவாட்டில் தெரியும். ஆனால் பழைய பலேனோவின் 1.6-ம் மேலிருந்து பார்த்தால் இதே ஜாடைதான். செட்டிப்பாளையம் ரேஸ் டிராக் பக்கத்திலேயே இருக்கிறது. கழித்த ரேஸ் சாமான் எது எந்த வண்டியில் ஏறும் என்று சொல்ல முடியாது. கவரை நம்பி பார்ட்ஸ் வாங்கக்கூடாது.

ஜூன் 4
ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், பார்த்தோம். ஜி13பிபி (எஸ்டீம் 1.3) என்றால் போர், அதாவது சிலிண்டர் விட்டம், 74, ஸ்ட்ரோக் 75.5 மி.மீ. ஜி16பி (பலேனோ 1.6) என்றால் 75, 90. காயில் கனெக்டரைப் பிடுங்கி, நாலு பிளக்கையும் கழற்றி, ஓரடிக்கு மேல் நீளமுள்ள கெட்டி பிளாஸ்டிக் குச்சியை முதல் சிலிண்டரில் விட வேண்டும். ஈர்க்குச்சி உள்ளே முறியும், கம்பி பிஸ்டனைக் கீறும். கிராங்க் புல்லி போல்ட்டில் ஸ்பேனர் போட்டு வலஞ்சுழியாக மட்டும் சுற்றவும். பிஸ்டன் உச்சியில் ஒரு கோடு, அடியில் ஒரு கோடு. குச்சி கொஞ்சம் சாயும், ஒரு மி.மீ. போனால் போகட்டும், 14.5 மி.மீ. வித்தியாசம் அதில் மறையாது. வந்தது 89. ஆக, ஜி16பி, 1590 சி.சி.

ஜூன் 6
எம்.பி.எஃப்.ஐ. (பெட்ரோல் இன்ஜெக்‌ஷன்) கழற்றி, வெபர் 40 டி.சி.ஓ.இ. கார்ப்பரேட்டர் இரண்டு போட்டிருக்கிறார்கள். மேலே உள்ள வட்ட மூடியின் காது நட்டைத் திருகினால் ஜெட்டெல்லாம் (பெட்ரோலையும் காற்றையும் அளந்துவிடும் துளைத் திருகுகள்) கைக்கு வரும். மெயின் ஜெட் அடியில், எமல்ஷன் ட்யூப் நடுவில், ஏர் கரெக்டர் மேலே. எண் அதிலேயே பொறித்திருக்கும், லென்ஸ் வேண்டும். சோக் (காற்றுவழியின் குறுகலான பகுதி) 32 மி.மீ. அதை நாலால் பெருக்கினால் 128, எனவே 130 மெயின் ஜெட்டில் ஆரம்பிக்கலாம். ஏர் கரெக்டர் அதைவிட 50 கூட, 180. மெயின் ஜெட் முதல் கார்ப்பரேட்டரில் 130, மூணு, நாலாம் சிலிண்டருக்கான இரண்டாவதில் 145! மூணு, நாலாம் பிளக்கில் மட்டும் கரி அப்பியிருந்ததற்கு இதுதான் காரணம்.

பெட்ரோல் பம்ப் இன்னும் பழைய எம்.பி.எஃப்.ஐ. பம்ப்தான், 40 பி.எஸ்.ஐ. பக்கம் தள்ளும். வெபருக்கு 3 போதும். மிச்ச அழுத்தம் பெட்ரோல் வரத்தை அடைக்கும் நீடில் வால்வைத் தூக்கிவிடும், பெட்ரோல் வழிந்து சிலிண்டர் சுவர் எண்ணெயைக் கழுவும். ரெகுலேட்டர் மட்டும் ஒட்டுவேலை. லோ-பிரஷர் பம்பே போட வேண்டும்.

ஜூன் 7
கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம்), த்ராட்டில் முழுக்கத் திறந்து, பி.எஸ்.ஐ. கணக்கில்: 185, 190, 178, 180. 170-க்குக் கீழே போனாலோ, சிலிண்டருக்கு சிலிண்டர் 14-க்கு மேல் விலகினாலோதான் ஹெட்டைத் திறக்கணும்.

ஜூன் 9
பிளாக்கில் உள்ள இன்ஜின் நம்பரை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து பென்சில் பிரிண்ட் எடுத்தாயிற்று. ஒயர் பிரஷ் வேண்டாம், எழுத்து தேய்ந்தால் கிரைண்டர் போட்டதாகவே நினைப்பார்கள். ஆர்.சி. நம்பரோடு ஒத்துவரவில்லை. இன்ஜின் மாற்றம் மோட்டார் வாகனச் சட்டம் 52-ம் பிரிவில் வரும்; தமிழ்நாட்டு ஆர்.சி.யைக் கேரளத்துக்கு மாற்ற என்.ஓ.சி. கேட்கும் முன்பே இதைச் சரிசெய்தாக வேண்டும்.

டைமிங் பெல்ட்டை ‘எஸ்டீமுக்கு’ என்று கேட்காமல், பழைய பெல்ட்டின் பல்லை எண்ணிக்கொண்டு, பலேனோ 1.6 என்று சொல்லி வாங்கவும்.