கொரடாச்சேரியைக் காணோம்

சோதனை ஓட்டத்தின் லாக்கில் இரண்டே வரி. எதிர்பார்த்தது: கொரடாச்சேரி. கிடைத்தது: கொரடாச்சேரி. அதற்குக் கீழே சிவப்பில், ஃபெயில்.

எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்த்தேன். முன்னாலோ பின்னாலோ இடைவெளி ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்றும் பார்த்தேன். இல்லை. மன்னார்குடியில் எங்கள் வீட்டு மாடி அறையில் உட்கார்ந்து இணையதளங்களுக்குச் சோதனை ஸ்கிரிப்ட் எழுதத் தொடங்கி நாலு வருஷம் ஆகிறது. கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இரண்டு சொற்களை வேறு வேறு என்று மெஷின் அடித்துச் சொன்னது அன்றுதான்.

தளம் விவசாயிகளுக்கானது. மாவட்டம், ஒன்றியம், கிராமம் தேர்ந்தெடுத்து விதைக்கும் உரத்துக்கும் பதிவு செய்யலாம். ராத்திரி இரண்டு மணிக்கு, பிரவுசரை ஆள் இல்லாமல் இயக்கும் செலினியம் கருவியில் எழுதிய ஸ்கிரிப்ட் தானாக ஓடும். குரோமைத் திறந்து, ஒரு விவசாயி செய்வதையெல்லாம் செய்து பார்க்கும். காலையில் எழுந்ததும் ரிப்போர்ட்டைத் திறப்பது என் வழக்கம்.

சில ஃபெயில்கள் காரணத்தைத் தாமே சொல்லிவிடும். குரோம் தன்னைப் புதுப்பித்துக்கொண்டு, அதை இயக்கும் டிரைவர் நிரல் பழசாகவே நின்றால், எந்தப் பதிப்போடு எது ஒத்துப்போகவில்லை என்று முதல் வரியிலேயே இருக்கும். 2022-ல், பொருத்தமான டிரைவரைத் தானே தேடிக்கொள்ளும் செலினியம் 4.6 வந்தபின் அந்தத் தொல்லையும் பெரும்பாலும் போயிற்று. இது அப்படி இல்லை.

"டைமிங்காத்தான் இருக்கும்மா. வெயிட்டக் கொஞ்சம் கூட்டி ரீ-ரன் குடுங்க" என்றார் எங்கள் டீம் லீட். அவர் அப்படி நினைத்ததில் நியாயம் உண்டு. எங்கள் ஸ்கிரிப்ட்களில், ஓட்டத்தைக் குறித்த நேரம் சும்மா நிறுத்திவைக்கும் ஸ்லீப் கட்டளைகள் நாற்பதுக்கு மேல் இருந்தன. ஒன்றியத்தைத் தொட்டதும் கிராமப் பட்டியல் சர்வரிலிருந்து வர வேண்டும். அதுவரை சுற்றிக்கொண்டே இருக்கும் வட்டம், ஸ்பின்னர், பக்கத்தை மூடியிருக்கும். கிளிக் அதன்மேல் விழுந்தால் 'எலிமெண்ட் கிளிக் இன்டர்செப்டட்' என்று எரர் வரும். யாரோ ஐந்து வினாடி ஸ்லீப் போட்டார்கள். நெட் மந்தமான ஒரு நாளில் அது போதாமல், இன்னொருவர் பத்தாக்கினார். அரை வினாடியில் பட்டியல் வந்துவிடும் நாளிலும் ஸ்கிரிப்ட் பத்து வினாடி சும்மா நிற்கும்; பன்னிரண்டு வினாடி ஆகும் நாளில் விழும்.

எங்கள் வயல் கடைமடை. மேட்டூரைத் திறந்த தேதியிலிருந்து இத்தனை நாள் என்று எண்ணி அப்பா நாற்றங்காலுக்கு உழவு ஓட்டி நான் பார்த்ததில்லை. வழக்கமான நாள் ஜூன் 12. 2022-ல் மே 24-ஆம் தேதியே திறந்தார்கள். 2024-ல் ஜூலை 28 வரை இழுத்தது. எந்த வருஷமானாலும் அவர் காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு வாய்க்கால் தலைப்புக்குப் போய்ப் பார்ப்பார். "பேப்பர்ல தொறந்தாச்சுன்னு போட்டா நம்ம மடைக்கு வந்துருச்சுன்னு அர்த்தமா?" என்பார். செலினியத்தில் ஸ்லீப்புக்குப் பதிலாக வைக்கக்கூடிய வெப்டிரைவர் வெயிட் செய்வதும் இதையேதான். நாம் சொன்னது நடந்துவிட்டதா என்று அரை வினாடிக்கு ஒரு தடவை பார்க்கும். நடந்த உடனே அடுத்த வேலைக்குப் போய்விடும்.

அந்த வாரம் ஸ்லீப்களை ஒவ்வொன்றாக எடுத்தேன். ஸ்பின்னர் மறைய வேண்டும், பட்டியலில் ஒரு கிராமமாவது வந்திருக்க வேண்டும் என்று நிபந்தனைகளை வைத்தேன். பக்கத்தில் எதைத் தேடினாலும் பொதுவாகக் காத்திருக்கும் இம்ப்ளிசிட் வெயிட்டைப் பூஜ்யமாக்கினேன். இரண்டு வகைக் காத்திருப்பும் கலந்தால் எவ்வளவு நேரம் நிற்கும் என்று கணக்கே பிடிபடாது. ஓட்டியதும் எல்லாம் பச்சை. கொரடாச்சேரி மட்டும் சிவப்பு.

"அந்த ஒண்ண மட்டும் ஸ்கிப்ல போட்டுடலாமா? நாளைக்கு ரிலீஸ்" என்றார் லீட். எனக்கு மனசு வரவில்லை. டைமிங் கோளாறு என்றால் அந்த இடம் காலியாக இருந்திருக்கும், இல்லை வேறு ஊர் வந்திருக்கும். இங்கே சரியான ஊர்தான் வந்து நிற்கிறது.

"இன்னிக்கு சாயங்காலம் வரைக்கும் டைம் குடுங்க சார்" என்று கேட்டேன். அந்த டெஸ்ட் ஒரே ஒரு ஒன்றியத்தைத்தான் சரிபார்த்துக்கொண்டிருந்தது. திருவாரூர் மாவட்டத்தின் பத்து ஒன்றியங்களையும் கொடுத்து ஓட்டினேன். நன்னிலம், குடவாசல், வலங்கைமான், நீடாமங்கலம் என்று எட்டு தேறின. கொரடாச்சேரியோடு கோட்டூரும் விழுந்தது. பத்துப் பெயரையும் நோட்டில் எழுதிவைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். முன்னால் கொம்பும் பின்னால் காலும் போட்ட எழுத்து இந்த இரண்டு ஊரில்தான் இருக்கிறது: கொ, கோ.

கணினி எழுத்துகளைச் சேமிக்கும் பொது முறையான யூனிகோடில் அந்தக் கொம்பையும் காலையும் சேர்த்து ஒரே குறியாக வைக்கலாம். தனித்தனியாக இரண்டு குறியாகவும் வைக்கலாம். திரையில் இரண்டுக்கும் கொஞ்சமும் வித்தியாசம் தெரியாது. ஒவ்வொரு பெயரிலும் எத்தனை குறி என்று மெஷினை எண்ணச் சொன்னேன். ஸ்கிரிப்டில் நான் அடித்த கொரடாச்சேரி 11, தளத்தில் இருந்தது 12. கோட்டூர் 8, தளத்தில் 9. பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த ஊர்ப்பட்டியலை யாரோ யூனிகோடுக்கு மாற்றி, அந்த வாரம்தான் ஏற்றியிருந்தார்கள். மாற்றியபோது கொம்பும் காலும் பிரிந்தே தங்கிவிட்டன.

ஸ்கிரிப்டில் ஒரு வரி சேர்த்து, ஒப்பிடும் முன் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்தால் டெஸ்ட் தேறிவிடும். அந்த வரியை எழுதியும் விட்டேன். பிறகு கோட்டூரில் இருக்கும் அத்தைக்கு போன் போட்டேன். "அத்தை, ஒங்க ஊர் பேர தமிழ்ல டைப் பண்ணி வாட்ஸப்ல அனுப்புங்களேன்." அனுப்பினார். அதை அப்படியே எடுத்துத் தளத்தின் தேடல் பெட்டியில் ஒட்டினேன்.

பட்டியல் காலி.

அத்தையின் போன் கீபோர்டு சேர்ந்த குறியைப் போடுகிறது. தளம் பிரிந்த குறியை வைத்திருக்கிறது. ஸ்கிப்பில் போட்டிருந்தால் இரண்டு ஒன்றியத்து ஜனங்கள் குறுவை நேரத்தில் தங்கள் ஊரைத் தேடிப் பார்த்து, இல்லை என்று திரும்பியிருப்பார்கள். அவர்கள் யாரும் நமக்கு பக் ரிப்போர்ட் எழுதப் போவதில்லை.

நான் சேர்த்த வரியை அழித்தேன். அத்தையின் செய்தியையும் காலிப் பட்டியலையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து லீடுக்கு அனுப்பினேன். அவர் ரிலீஸை இரண்டு நாள் தள்ளிவைத்தார். சேமிக்கும் இடத்திலும் தேடும் இடத்திலும் எழுத்து வடிவத்தை ஒன்றாக்கி, ஏற்றிய பழைய பட்டியலையும் டெவலப்பர்கள் மாற்றினார்கள். இரவு ஓட்டத்தில் இப்போது பத்து ஒன்றியமும் இருக்கின்றன. கொரடாச்சேரியையும் கோட்டூரையும் ஸ்கிரிப்ட் இரண்டு விதமாகவும் அடித்துத் தேடுகிறது.